சூடு

ஊத்துக்கோட்டை பஸ் நிலையத்துக்குப் பின்னால்
ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஜெப வீடு.
செக்போஸ்ட் தாண்டினால் ஆந்திரா.

ஆறு நாள் நான் பேசுவதில்லை.
விடியுமுன் கம்பெனி வேன்,
அப்புறம் ஓவர்லாக் மிஷின்,
மணிக்கு இத்தனை பீஸ்.
சூப்பர்வைசர் பேசுவார், மிஷின் பேசும்.
ஞாயிறு பத்தரைக்கு டிரம் ஏறும்போதுதான்
என் நாக்கு அவிழும்.
எனக்கே தெரியாத பாஷை,
மதகு தூக்கிய ஏரி மாதிரி.
கண்ணை மூடிக்கொள்வேன்.
யார் வந்தார்கள், யார் வரவில்லை,
எனக்கென்ன?
அது அவருக்கும் எனக்கும்.

மாசியில் செங்கல் சூளையிலிருந்து
ரவணம்மா வந்தாள்.
இடுப்பில் பையன்,
கணுக்கால் வரை காய்ந்து வெடித்த களிமண்.
கதவை ஒட்டிய கடைசிப் பாயில் உட்கார்ந்தாள்.
நான் உச்சத்தில் இருந்தபோது
பையன் வீறிட்டான்.
கண்ணைத் திறந்துவிட்டேன்.

தெபோராள் அக்காவிடம் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்:
"ஆயம்ம ஏமி செப்தாந்தி?"
அந்தம்மா என்ன சொல்கிறாள்?
அக்கா கையை மேலே காட்டினார்.
மேலே மின்விசிறி.

அந்தக் கேள்வி வேனிலும் ஏறிக்கொண்டது.
ஓரம் அடிக்கும்போதும் கூடவே இருந்தது.
என்ன சொன்னேன்?
எனக்கும் தெரியாது.
தெரியவேண்டும் என்று
அதுவரை தோன்றியதும் இல்லை.

அடுத்த ஞாயிறு
கடைசிப் பாய்க்குப் போனேன்.
எனக்கு இருப்பது சந்தைத் தெலுங்கு:
எவ்வளவு, குறை, வேண்டாம், போ.
அதை வைத்து ஒரு பிரசங்கத்தைத் தூக்கவேண்டும்.
பாஸ்டர் யோசபாத்தோ
தண்டவாளம் அதிரப் பேசுகிறவர்.
அவர் நாலு வசனம் ஓடியிருப்பார்,
நான் முதலாவதின் வாலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருப்பேன்.

டிரம் ஏறியது.
தொண்டை வரை வந்தது.
பந்தியில் ஏப்பத்தை அடக்குவதுபோல அடக்கினேன்.
பொய் சொல்லமாட்டேன், கோபம் வந்தது.
அவள் மேல், சூளை முதலாளி மேல்,
இந்த எல்லைக்கோட்டைப் போட்டவன் மேல்.
ஒரே ஒரு நாள்.
அதையும் கொடுக்கவேண்டுமா?

"மேலே பார்!" என்றார் பாஸ்டர்.
அவசரத்தில் நான்
"மேலு சூடு" என்றேன்.
சூடு என்றால் பார், அது சரி.
மேலேக்குத்தான் அங்கே வேறு சொல்.
மேலு என்றால் நன்மை.
நன்மையைப் பார் என்று சொல்லித் தொலைத்திருக்கிறேன்.

ரவணம்மா கூரையைப் பார்க்கவில்லை.
குனிந்து பையனைப் பார்த்தாள்.
என் துப்பட்டா நுனியைச் சப்பியபடி
அவன் தூங்கிப்போயிருந்தான்.
பிறகு என்னைப் பார்த்தாள்,
ரொம்ப நேரம்.
நான் திருத்தவில்லை.

செருப்புத் தேடும்போது
பாஸ்டரம்மா தோளைத் தட்டினார்.
"என்ன சிஸ்டர், பழைய சூடு இல்லையே?
பிசாசு நாக்கைக் கட்டிட்டானா?"
சிரித்து வைத்தேன்.
செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம்
அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று
அவருக்கு யார் சொல்வது.

ராத்திரி, பாத்திரம் கழுவுகிற சாக்கில்
குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டேன்.
அடக்கியதெல்லாம் வந்தது.
பத்து நிமிடம்.
தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே போகாமல்.
அவருக்குக் கேட்டிருக்கும்.

திங்கட்கிழமை அடுத்த மிஷின் வரலட்சுமியிடம்,
அவள் சூளூர்ப்பேட்டைக்காரி,
கேட்டேன்:
"உனக்காக என்பதை எப்படிச் சொல்வது?"
"நீகோசம்" என்றாள்,
யாருக்கு என்று கண்ணாலேயே விசாரித்தபடி.

நாள் முழுக்கச் சொல்லிப் பார்த்தேன்,
ஊசி ஏறி இறங்குகிற கதியில்.
நீகோசம். நீகோசம்.
ஒவ்வொரு முறையும்
கடைசி எழுத்தில் வாய் மூடிக்கொள்கிறது.

அன்றைக்கு மூன்று பீஸ் ரிஜெக்ட்.